வீட்டுப் பட்டறையில் கத்தி செய்கிறவர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவைப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடிக் கத்தி செய்கிற ஆறேழு பேரில் நான் ஒருவன். மாமனார், மாடிவீட்டுக்காரர், கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரர் என்று யாரைப் பார்த்தாலும் ஒரே மாதிரிதான் கேட்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்வதற்குப் பதிலாக இங்கே எழுதி வைக்கிறேன்.

நீங்கள் கொல்லர் குடும்பமா? எப்படி இதற்குள் வந்தீர்கள்?

இல்லை. எனக்கு வேலை ஒரு மில்லில் கணக்கு எழுதுவது. அம்மாவின் அருவாமணை முனை மழுங்கி, சாணை பிடித்தும் நிற்காமல் போனது. ஊரில் மீதமிருந்த ஒரே கொல்லுப்பட்டறைக்கு அதை எடுத்துப் போனேன். ஆசாரிக்குக் கைவேலை ஆள் வரவில்லை. "சும்மா நிக்கறதுக்கு அந்தத் துருத்தியச் சுத்து கண்ணு" என்றார். சுற்றினேன். பத்து நிமிடத்தில் கரிக்குள் இருந்த இரும்பு செம்பருத்தி நிறத்துக்கு வந்து, அப்புறம் ஆரஞ்சுச் சுளை நிறத்துக்குப் போனது. அவர் அதை வெளியே எடுத்து நாலு அடி அடித்ததும் கெட்டிக் களிமண் போல நீண்டுகொடுத்தது. இரும்பு இப்படி நடந்துகொள்ளும் என்று முப்பத்தைந்து வயதுவரை எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் அருவாமணையை வாங்கப் போனவன் மதியம் வரை வீட்டுக்கு வரவில்லை.

மற்றவர்கள்?

ஆளுக்கொரு வழி. ஒருவர் பல் மருத்துவர். சின்னச் சக்கரத்தில் தேய்ப்பது அவருக்குக் கைவந்தது, அதைப் பெரிய சக்கரத்துக்கு மாற்றிக்கொண்டார். ஒருவர் ஹோட்டல் சமையல்காரர். இறக்குமதிக் கத்தி விலை கட்டுப்படியாகாமல், நாமே செய்தால் என்ன என்று வந்தவர். ஒரு லேத் தொழிலாளி இருக்கிறார், எங்கள் எல்லோருக்கும் மிஷின் செய்துகொடுத்தவர் அவர்தான். கல்லூரிப் பெண் ஒருத்தி, அமெரிக்காவில் கொல்லர்கள் போட்டி போடும் தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு வந்தாள். அப்படிப் பார்த்து வருகிறவர்களில் பெரும்பாலோர் முதல் நாளே வாள் செய்யக் கேட்டு, காய் நறுக்கும் கத்தியில் ஆரம்பிக்கச் சொன்னதும் மறுவாரம் காணாமல் போவார்கள். அவள் நின்றுவிட்டாள். இன்று எங்களில் ஒழுங்காக நேர்கோடு தேய்க்கத் தெரிந்தது அவளுக்குத்தான்.

முதல் கத்திக்கு எந்த இரும்பு?

முதலில் எது ஆகாது என்று சொல்லிவிடுகிறேன். வீடு கட்டி மிச்சமான டிஎம்டி கம்பி ஆகாது. அதில் கார்பன் 0.3 சதவீதம்கூட இருக்காது, என்ன தோய்ச்சல் போட்டாலும், அதாவது சிவக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிர வைத்தாலும், இறுகாது. எவர்சில்வர் தட்டு, கிரில் பட்டை இரண்டும் அப்படித்தான். கத்திக்கு ஏறக்குறைய 0.6 முதல் 1 சதவீதம் வரை கார்பன் வேண்டும்.

நம் ஊரில் சுலபமாகக் கிடைப்பது லாரிப் பட்டை. வண்டிக்கு அடியில் அடுக்கடுக்காக வில் போல இருக்குமே, அதுதான். கார்பன் சுமார் 0.6 சதவீதம், கூடவே குரோமியமோ சிலிக்கானோ கொஞ்சம். அருவாள் அடிப்பவர்கள் காலங்காலமாக அதைத்தான் எடுக்கிறார்கள். திருப்பாச்சேத்தியில் மட்டும் இல்லை, எல்லாப் பட்டறைகளிலும். ஆனால் ஒடிந்து கழற்றிப் போட்ட பட்டையை வாங்காதீர்கள். ஓடி ஓடிக் களைத்த இரும்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும், அது கடைசி நாளில்தான் முகம் காட்டும். பட்டை கட்டும் கடைகளில் புதுப் பட்டையின் வெட்டுத் துண்டு கிடைக்கும், எடைக்குப் போடுவார்கள்.

பழைய அரத்தில் கார்பன் இன்னும் அதிகம். பேரிங் இரும்பான ஈஎன் 31, டூல் கடைகளில் விற்கும் ஓஎச்என்எஸ் தகடு இரண்டும் அருமையானவை. ஆனால் அவற்றைச் சுமார் 800 டிகிரியையொட்டிச் சில நிமிடங்கள் ஏறாமல் இறங்காமல் நிறுத்தி வைக்க வேண்டும். கரி உலையில் கண்ணளவில் அதைச் செய்வது புதிதாக வருகிறவருக்குக் கஷ்டம்.

கையில் இருப்பது என்ன இரும்பு என்று தெரியாவிட்டால் விரல் நீளத் துண்டு ஒன்றை அறுத்து, சிவக்கக் காய்ச்சி, எண்ணெயில் போட்டு, வைஸில் பிடித்துச் சுத்தியலால் அடியுங்கள். வளைந்தால் உதவாது. கண்ணாடி மாதிரி படக்கென்று ஒடிந்தால் வேலைக்கு ஆகும். ஒடிந்த வாயைப் பாருங்கள்: தூளுப்பு மாதிரி நைசாக இருந்தால் சூடு சரி, கல்லுப்பு மாதிரி மினுமினுத்தால் சூடு மிஞ்சிவிட்டது.

அடித்துத்தான் செய்ய வேண்டுமா?

வேண்டாம். தகட்டை வரைந்து அறுத்து, தேய்த்தே வடிவத்துக்குக் கொண்டுவரலாம். அமெரிக்காவில் பாப் லவ்லெஸ் போன்றவர்கள் அந்த முறையைப் பிரபலமாக்கினார்கள். உலகத்தில் பொழுதுபோக்காகக் கத்தி செய்கிறவர்களில் நிறையப் பேர் சம்மட்டியைத் தொடாதவர்கள்தான். அடிப்பவர்கள், தேய்ப்பவர்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவது எல்லா ஊரிலும் உண்டு. எனக்கு அடிப்பதுதான் பிடிக்கும். ஆனால் அடித்ததால் கத்தி நன்றாக வெட்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

என்னென்ன சாமான் வாங்க வேண்டும்?

முதல் கத்திக்கு ஹாக்சா, இரண்டு நல்ல அரம், வைஸ், எமரித் தாள் போதும். அரத்தில் தேய்த்தால் கத்தி ஒன்றுக்கு நாலு ஞாயிறு ஆகும், தோள்பட்டை கழன்றுவிடும், ஆனால் கை பழகும். கோண மட்டம் வைத்து அரத்தைச் சாய்வாக ஓட்ட ஒரு சட்டம் செய்துகொண்டால் இரண்டு பக்கமும் ஒரே சரிவு வரும்.

அதன்பிறகு பெல்ட் கிரைண்டர். 2 அங்குல அகலம், 72 அங்குலச் சுற்றளவு உள்ள பெல்ட்தான் வழக்கமான அளவு. ஒன்றரை அல்லது 2 எச்பி மோட்டாரும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவும் இருந்தால் லேத் பட்டறையில் உடம்பைச் செய்துகொள்ளலாம். நாங்கள் செய்ததும் அப்படித்தான். உலைக்குப் பழைய லாரி பிரேக் டிரம், துருத்திக்குப் பதிலாகச் சின்ன ஊதி. பட்டறைக்கல்லுக்குக் காயலான் கடையில் ஒரு அடி தண்டவாளத் துண்டு கேட்காதீர்கள், அது ரயில்வே சொத்து என்று வம்பில் கொண்டுபோய் விடும். கனமான ஷாஃப்ட் துண்டு ஒன்றைச் செங்குத்தாகக் கட்டையில் புதைத்தாலே போதும்.

எல்லோரும் தோய்ச்சல், தோய்ச்சல் என்கிறீர்களே, அது என்ன?

கத்தி அதில்தான் இருக்கிறது. மீதியெல்லாம் தச்சு வேலை.

நன்றாகக் காய்ந்த இரும்பில், பாலில் சர்க்கரை போல, கார்பன் கரைந்து பரவி நிற்கிறது. மெதுவாக ஆறவிட்டால் பிரிந்து வெளியே வந்துவிடும், இரும்பு மென்மையாகவே இருக்கும். திடீரென்று குளிர வைத்தால் பிரிய நேரம் இல்லாமல் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அந்த இறுக்கம்தான் கடினம்.

எவ்வளவு சூடு? சுமார் 770 டிகிரியில் இரும்பு காந்தத்தில் ஒட்டாமல் போகும். கயிற்றில் ஒரு காந்தத்தைக் கட்டித் தொங்கவிட்டு அடிக்கடி தொட்டுப் பாருங்கள். ஒட்டாமல் போனபின் இன்னும் ஒரு சாயல் கூட ஏற்ற வேண்டும். இதை வெயிலில் செய்யாதீர்கள், நிறம் ஏமாற்றும். எங்கள் ஆசாரி மழைமேகம் கட்டிய நாளாகவோ சாயங்காலமாகவோ பார்த்துத்தான் தோய்ச்சல் வைத்துக்கொள்வார். நான் எட்டாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு வெப்பமானி வாங்கி, பெருமையாக அவரிடம் நீட்டினேன். அவர் உலையைப் பார்த்து, "இப்ப எடு" என்றார். மானி 820 காட்டியது. அடுத்த மூன்று தடவையும் 810-க்கும் 830-க்கும் நடுவில்தான் அவர் வாய் திறந்தார். மானியைப் பையில் போட்டுக்கொண்டேன்.

எதில் முக்குவது? நான் முதல் கத்தியைத் தண்ணீரில் முக்கினேன். சினிமாவில் அப்படித்தானே காட்டுகிறார்கள். சர்ரென்று ஆவி, அதற்குள்ளே 'டிங்' என்று ஒரு சின்னச் சத்தம், மெட்டியைத் தரையில் போட்ட மாதிரி. நான் கவனிக்கவே இல்லை. ஆசாரி தலை நிமிராமல், "கேட்டுச்சா கண்ணு? உட்டுருச்சு" என்றார். துடைத்துப் பார்த்தால் வெட்டுவாயிலிருந்து பாதி அகலத்துக்கு மயிரிழை போல ஒரு கோடு. "தண்ணியில போடறதுக்கு இதென்ன கடப்பாரையா?" மூன்று வார வேலை. இன்றும் அது கொட்டகைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது.

லாரிப் பட்டைக்கு எண்ணெய்தான். செக்குக் கடலை எண்ணெய் நன்றாக வேலை செய்யும், கொட்டகை முழுக்க பஜ்ஜிக் கடை வாசனை வரும், அவ்வளவுதான். எண்ணெயை 50, 60 டிகிரிக்குச் சூடாக்கிக்கொள்ளுங்கள். குளிர்விக்கப் போகிற எண்ணெயை எதற்குச் சூடாக்க வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். சூடானால் எண்ணெய் இளகும், கத்தியைச் சுற்றிச் சுலபமாக ஓடும், அதனால் சூட்டை வேகமாக இழுக்கும். வண்டியிலிருந்து வடித்த கழிவு எண்ணெய் வேண்டாம், அந்தப் புகை நுரையீரலுக்கு ஆகாது. கத்தியை முனை கீழாக நேராக இறக்குங்கள். பக்கவாட்டில் ஆட்டினால் வாழை மட்டை மாதிரி வளைந்து வரும். அரத்தை லேசாக ஓட்டிப் பாருங்கள், பிடிக்காமல் வழுக்கினால் தோய்ச்சல் ஏறிவிட்டது.

ஆனால் அந்தக் கத்தியை அப்படியே கீழே போட்டால் ஒடியும். உடனே மறுசூடு கொடுக்க வேண்டும். வீட்டு ஓவனில் 200 டிகிரி, இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம். பளபளப்பான இடத்தில் வைக்கோல் நிறம் ஏறும். சமையல் கத்திக்கு அது போதும். நீலம் ஏறிவிட்டால் சூடு 300 டிகிரிக்குப் பக்கம் போய்விட்டது, அது ஸ்பிரிங்குக்கு ஆகும், தக்காளிக்கு ஆகாது. ஓவனின் முள்ளை நம்பாதீர்கள், தனியாக ஒரு வெப்பமானி உள்ளே வையுங்கள். கேக் சுடும் ஓவனை இதற்குப் பயன்படுத்தினால் வீட்டில் என்ன நடக்கும் என்பதை நான் எழுதப் போவதில்லை.

ஆசாரிக்கு ஓவன் கிடையாது. அருவாளின் வெட்டுவாயை மட்டும் முக்கி எடுப்பார். மேல் விளிம்பில் மிச்சமிருக்கும் சூடு மெல்ல வாய்ப்பக்கம் இறங்கும். உப்புத்தாளில் ஒரு தேய் தேய்த்துவிட்டு நிறம் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நிற்பார், வேண்டிய நிறம் வாயைத் தொட்டதும் மறுபடி முக்குவார். வாய் கடினம், முதுகு இளக்கம், எல்லாம் ஒரே சூட்டில்.

டமாஸ்கஸ் கத்தி செய்வீர்களா?

சிலர் செய்கிறார்கள். இன்று அந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் இரண்டு வகை இரும்பை அடுக்கி, காய்ச்சி ஒட்டி, மடித்து அடித்தது. ஒன்றில் நிக்கல் இருக்கும். பிறகு ஃபெரிக் குளோரைடில் ஊற வைத்தால் ஒன்று கறுக்கும், மற்றது வெள்ளையாக நிற்கும், கோலம் தெரியும். அமெரிக்காவில் பில் மொரன் 1973-ல் அப்படிச் செய்த கத்திகளைக் காட்சிக்கு வைத்தபின் அங்கே அது மறுபடி உயிர் பெற்றது.

பழைய கதை வேறு. அந்தக் காலத்து டமாஸ்கஸ் வாள்களின் வரிகள் அடுக்கி ஒட்டியதால் வந்தவை அல்ல. மூசை என்ற மண்கலத்தில் வைத்து உருக்கிய எஃகுக்குள்ளேயே பிறந்தவை. அந்த எஃகு தென்னிந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனது. ஐரோப்பியர் அதை 'வூட்ஸ்' என்றார்கள். லண்டனில் மைக்கேல் ஃபாரடே மின்சாரத்துக்குப் புகழ் பெறும் முன்னால் அதை ஆராய்ந்துகொண்டிருந்தார். இங்கிருந்து வண்டியில் போய்த் திரும்பும் தூரத்தில், நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. 1980களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே தோண்டியபோது இரும்பு வேலை நடந்த உலைகள் வெளிப்பட்டன. நாங்கள் ஐந்து பேர் ஒருமுறை போய்ப் பார்த்தோம். வெயிலும் கல்வட்டங்களும்தான். பல் மருத்துவர் மட்டும் ஒரு மணி நேரம் தரையையே பார்த்துக்கொண்டு நடந்தார்.

பிடிக்கு என்ன மரம்?

புளி. கறிக்கடைக் கட்டையே அதில்தான் போடுகிறார்கள், வேறு சான்று வேண்டாம். வேலமரமும் பூவரசும் நல்லவை. பனையின் வைரம் கறுப்புக் கோடுகளோடு கொள்ளை அழகு, ஆனால் நார் நாராகச் சிலும்பும். ரெசின் ஏற்றிக் கெட்டிப்படுத்தினால்தான் கையைக் குத்தாது. சந்தனம், செம்மரம் பக்கம் போகவே வேண்டாம். பித்தளைக் கம்பியை ஆணியாக அடித்து, மெதுவாக இறுகும் அரால்டைட்டில் ஒட்டி, ஒரு நாள் அசைக்காமல் விடுங்கள். ஐந்து நிமிடப் பசை சமையலறையில் தாக்குப் பிடிக்காது.

ஆபத்து இல்லையா?

இருக்கிறது, ஆனால் ஆள் நினைக்கிற இடத்தில் இல்லை. நெருப்பைப் பார்த்தால் எவனும் ஜாக்கிரதையாகத்தான் இருப்பான். கெடுப்பது தூசி. நைசான இரும்புத்தூளும் மரத்தூளும் வருஷக்கணக்கில் உள்ளே போகும். துணி முகமூடி பற்றாது, வடிகட்டி போட்ட முகமூடி வாங்குங்கள், கத்திக்குச் செலவு செய்வதற்கு முன்னால். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. இரும்பை உலையில் போடாதீர்கள், அந்தப் புகையில் காய்ச்சல் வரும். பெல்ட் மிஷினில் கையுறை போடக் கூடாது, இழுத்துக்கொண்டு போய்விடும். எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூடி போட்டு மூடுங்கள். எங்கள் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு இரும்பு மூடியும் ஒரு வாளி மணலும் எப்போதும் இருக்கும். ஒருமுறை அந்த மூடி தேவைப்பட்டது.

போலீஸ் பிடிக்காதா?

காய் நறுக்கும் கத்திக்கு யாரும் பிடிப்பதில்லை. ஆயுதச் சட்டம் 1959-ல் வந்தது. அதன் கீழான விதிகளில், வீடு, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கென்று செய்தவை நீங்கலாக, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள் ஆயுதக் கணக்கில் வருகின்றன. வாள், குத்துவாள், பொத்தான் அமுக்கினால் பாயும் கத்தி எதையும் நாங்கள் செய்வதில்லை. கேட்டு வருகிறவர்கள் உண்டு, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவோம்.

2021 செப்டம்பரில் தமிழ்நாடு போலீஸ் ரவுடிகளைத் தேடி வேட்டை நடத்தியபோது, அருவாள் செய்யும் பட்டறைக்காரர்களைக் கூப்பிட்டு, வாங்குகிறவர் பெயர், முகவரி, எதற்கு என்பதையெல்லாம் எழுதி வைக்கச் சொன்னார்கள். எங்கள் ஆசாரி நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினார். முதல் பக்கத்தில் 'வாழைத்தார் வெட்ட', 'தேங்காய் உரிக்க', 'வேலி கழிக்க' என்று வரிசையாக இருக்கிறது. நாங்களும் அதேபோல ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். செய்த கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு டீக்கடைக்குப் போகாதீர்கள். பெட்டியிலோ துணியில் சுற்றியோ எடுத்துப் போங்கள்.

கத்தி நன்றாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

அமெரிக்கக் கொல்லர்கள் சங்கம் ஒன்று 1976-ல் தொடங்கியது. அதன் தேர்வில் ஒரே கத்தியால் தொங்கும் ஓர் அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும், கட்டை ஒன்றை இரண்டு தடவை வெட்டித் துண்டாக்க வேண்டும், அதற்குப் பிறகும் அதே வாயால் கைமயிரை மழிக்க வேண்டும், கடைசியில் வைஸில் பிடித்து 90 டிகிரி வளைத்தால் ஒடியக் கூடாது. கேட்க நன்றாக இருக்கிறது. எங்கள் சோதனை பழுத்த தக்காளியும் முருங்கைக்காயும். தக்காளித் தோலில் அழுத்தாமல் இறங்க வேண்டும், முருங்கைக்காயில் பல் விழக் கூடாது.

துருப்பிடிக்குமே?

பிடிக்கும். கழுவித் துடைத்து வையுங்கள், இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவுங்கள். எலுமிச்சையும் புளியும் பட்டுக் கறுக்கும், அது துரு இல்லை, விட்டுவிடலாம்.

பரிசாகக் கொடுக்கலாமா? உறவு அறுந்துவிடும் என்கிறார்களே?

ஒரு ரூபாய் வாங்கிக்கொண்டு கொடுங்கள். என்னிடம் ஒரு டப்பா நிறைய ஒரு ரூபாய் நாணயங்கள் இருக்கின்றன.

விற்கிறீர்களா? எவ்வளவு?

இதற்குப் பதில் சொல்லத்தான் எனக்குக் கூச்சம். எங்களில் இருவர் விற்கிறார்கள். எட்டு அங்குலச் சமையல் கத்தி ஒன்று நாலாயிரம், ஐந்தாயிரம் போகிறது. வாங்குகிறவர் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்புவார். அதே வாரம் ஆசாரி அதைவிட இரும்பு அதிகமுள்ள, எங்களுடையதைவிட நன்றாகத் தோய்ச்சல் ஏறிய அருவாளை அறுநூறு ரூபாய்க்குக் கொடுக்க, வந்தவர் ஐந்நூறுக்குக் கேட்டுக்கொண்டிருப்பார். எங்கள் பிடியில் பளபளப்பும் எங்கள் வாயில் கதையும் இருக்கிறது. அவரிடம் இரண்டும் இல்லை. அவர் மகன் ஒரு கம்பெனியில் சிஎன்சி மிஷின் ஓட்டுகிறான், பட்டறைப் பக்கம் வருவதில்லை. நாங்கள் அவரிடம் கற்றுக்கொள்ள ஒரு தொகை கொடுக்கிறோம். முதலில் வாங்க மறுத்தார், இப்போது வாங்கிக்கொள்கிறார். அது போதுமா என்று கேட்டால், போதாது.

எத்தனையாவது கத்தி நன்றாக வரும்?

என் ஏழாவது கத்தியை நான் அம்மாவிடம் கொடுத்தேன். புளியம்பிடி, மூன்று பித்தளை ஆணி, கண்ணாடிபோல் மெருகு. அம்மா கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஒரு வெங்காயம் நறுக்கினார். "நல்லாத்தான் இருக்குது சாமி. பிடி கொஞ்சம் தடிமன், எனக்குக் கை வலிக்குது" என்று அலமாரியில் வைத்துவிட்டு அருவாமணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். பதினோராவது கத்திக்குப் பிடியை அவர் கையை அளந்து செய்தேன். அதில் இப்போது பச்சைமிளகாய் மட்டும் கிள்ளுகிறார். அருவாமணை இருந்த இடத்திலேயே இருக்கிறது, ஆசாரி போட்ட தோய்ச்சல் இன்னும் இறங்கவில்லை.